தோட்டப்புறங்களுக்கு அயல்நாட்டு இசை வந்த வழி

ஜெராம் பக்கத்துச் சுங்கை செம்பிலாங் தொடங்கி, கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வரையில் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் கோயில்களில், பசனைக் குழுவினர் ஆர்மோனியப் பெட்டியுடன் அமர்ந்து பாடுவதைப் பலரும் கண்டிருப்பர். மார்கழி மாதப் பசனைக்கும் காவடிப் பாட்டுக்கும் அது இன்றியமையாத துணையாக விளங்கி வந்திருக்கிறது. அது நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டு வந்த கருவி என்றே நாம் எண்ணுகிறோம். கொண்டு வந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் அக்கருவி பிறந்த இடம் பாரீஸ் மாநகர். 1842ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் டெபேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வாசிக்க வேண்டிய பெரிய பெட்டியாக இருந்த அதனை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கக்கூடிய சிறு பெட்டியாக மாற்றியமைத்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகாநாத் கோஷ் என்பவராவார். அங்கிருந்து அது நாடகக் கொட்டகைக்குச் சென்றது. நாடகக் கொட்டகையிலிருந்து கோயில் மண்டபத்துக்கு வந்தது. நம் இசையின் நுண்ணிய கமகங்கள் அதில் பேசா என்று காரணங் காட்டி, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. அவ்வளவு காலமும் தோட்டத்துப் பசனைக் குழுவினர் அதனைக் கைவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எது நம்முடைய இசை, எது பிறருடையது என்னும் கேள்விக்கு விரைந்து விடை கூறிவிட முடியாது என்பதற்கு இவ்வோர் எடுத்துக்காட்டே போதும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அயல்நாட்டுப் பாட்டும் கருவியும் மெட்டும் யார் வழியாக, எதற்காக நம்மிடம் வந்து சேர்ந்தன, அவற்றால் நமக்கு நேர்ந்த வரவும் இழப்பும் யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

கோட்டையில் எழுந்த ஓசை

முதலில் வந்தது படை இசையாகும். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பேண்டு வாத்தியக் குழு இசைத்த மெட்டுகளை, கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் இளமையில் கேட்டார். சென்னையை அடுத்த மணலியில் அவர்தம் குடும்பம் தங்கியிருந்த காலம் அது. அம்மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் சொற்களைப் பொருத்திச் சிறு பாடல்களாக ஆக்கினார். 'நோட்டு சுரங்கள்' என வழங்கும் அப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்றாக இருக்கிறது. மன்னரை வாழ்த்திய மெட்டு தெய்வத்தை வாழ்த்தும் மெட்டாக மாறியது! அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரோ ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அதனை நம் இசை மேடைக்குக் கொண்டு வந்தார். இன்று பிடில் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரி அரிது.

மலாயாவிலும் இதே வழியில்தான் நிகழ்ந்தது. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுகள் வந்தமர்ந்தனர். அவர்களுடைய ஆட்சிக்குக் காவற்படை தேவைப்பட்டது போலவே, அணிவகுப்புக்கும் விருந்துக்கும் பேண்டு வாத்தியம் தேவைப்பட்டது. சிலாங்கூர் அரசாங்கத்தின் பேண்டு குழுவிற்குப் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து இசைஞர்கள் தருவிக்கப்பட்டனர். ஸ்பானியர் ஆட்சியில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த அந்நாட்டினர் ஐரோப்பிய இசையில் நன்கு பயின்றவர்களாக இருந்தனர். ஒரு குடியேற்ற நாட்டில் கற்ற கல்வி மற்றொரு குடியேற்ற நாட்டில் பிழைப்பாயிற்று. அவர்கள் கோலாலம்பூரிலேயே தங்கிக் குடும்பம் பெருக்கினர். பிற்காலத்தில் மலேசிய வானொலியின் இசைக்குழுவைத் தலைமையேற்று நடத்திய அல்போன்சோ சொலியானோ அந்த மரபில் வந்தவரே.

பினாங்கில் இறங்கிய நாடகம்

படை இசையை மக்கள் தொலைவில் நின்றுதான் கேட்டனர். மக்களுக்குள் கலந்த இசை நாடகத்தின் வழியே வந்தது. 1870ஆம் ஆண்டுகளில் பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்குக் கப்பலேறி வந்து இந்துஸ்தானி மொழியில் நாடகங்கள் நடத்தின. திரைச்சீலைகளும் ஆர்மோனியமும் தபலாவும் ஆடல் பாடலும் நிறைந்த அக்காட்சிகள் அனைவரையும் கவர்ந்தன. அவற்றைப் பின்பற்றி மலாய் மொழியில் எழுந்ததே 'பங்சாவான்' என்னும் நாடக வகையாகும். 1885இல் பினாங்கில் முதல் பங்சாவான் குழுவை அமைத்தவராகக் கூறப்படும் மாமாக் புஷி, பெயரே காட்டுவது போல, இந்திய வழிவந்த முஸ்லிம் ஆவார்.

பங்சாவானில் ஒரு காட்சி முடிந்து திரை மாற்றப்படும் இடைவேளையில் பார்வையாளர் பொறுமை இழந்துவிடாதிருக்கத் திரைக்கு முன்னால் பாட்டும் ஆட்டமும் நடைபெறும். இதற்கு 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று பெயர். கதைக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இராது. ஆகவே அங்கே எதுவும் செல்லும்: ஆங்கிலப் பாட்டு, அராபியப் பாட்டு, இந்துஸ்தானிப் பாட்டு, பின்னர் டாங்கோ, பாக்ஸ்டிராட், ஹவாய்த் தீவு ஆட்டம். அயல்நாட்டு இசை இந்நாட்டுச் சிற்றூர்களுக்கும் தோட்டத்துப் பட்டணங்களுக்கும் போய்ச் சேர்ந்ததற்கு இந்த இடைவேளைகளே பெரும் காரணம் எனலாம். ஆண்டுகள் செல்லச் செல்லத் தபலாவும் ஆர்மோனியமும் பின்னுக்குப் போய், பியானோவும் ஊதுகுழலும் மேற்கத்திய முரசும் முன்னுக்கு வந்தன.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பினாங்குக்கு வந்த அதே பார்சி நாடக அலை தமிழகத்தையும் தொட்டது. தமிழ் நாடகக் குழுக்களும் அவர்களுடைய திரைச்சீலைகளையும் மெட்டுகளையும் மேற்கொண்டன. அக்காலத்துத் தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்பில் 'வர்ணமெட்டு' என்று குறித்து, எந்தப் பழைய பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்துஸ்தானி மெட்டு, பார்சி மெட்டு, இங்கிலீஷ் மெட்டு எல்லாம் அவற்றுள் உண்டு. ஆகவே, மலாய்க்காரர் பங்சாவானில் கேட்டதும் தமிழர் நாடகத் தட்டில் கேட்டதும் ஓர் ஆற்றின் இரு கிளைகளே. அவ்விரண்டும் மலாயாவில் மீண்டும் சந்தித்துக் கொண்டன.

தட்டில் அடங்கிய பாட்டு

தொழிலாளர் குடியிருப்பின் உள்ளேயே அயலிசையைக் கொண்டு வந்து வைத்தது கிராமபோன் பெட்டி. எமில் பெர்லினர் என்பவர் 1887ஆம் ஆண்டில் வட்டத் தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டறிந்தார். அவர் விற்பனைக்கு விட்ட முதல் தட்டுகளுட் பல கெட்டி ரப்பரால் செய்யப்பட்டவை என்பது ரப்பர்த் தொழிலாளராகிய நமக்குச் சுவையான செய்தி. ஆனால் ரப்பர்த் தட்டுகள் ஒரே சீராக அமையவில்லை. ஆதலால் 1890ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே அரக்குக் கலவைக்கு மாறிவிட்டனர். அந்த அரக்கு இந்தியக் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சேர்த்து வைப்பது. இந்தியக் காட்டின் அரக்கு மேனாடு சென்று, தட்டாக மாறி, பாட்டைச் சுமந்துகொண்டு கீழை நாடுகளுக்கு விலைப்பொருளாகத் திரும்பி வந்தது. ரப்பரும் அவ்வாறே டயராகித் திரும்பிற்று.

இலண்டன் கிராமபோன் கும்பினி, பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளரை 1902இல் ஆசியாவிற்கு அனுப்பியது. அவர் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பின்னர் ஜப்பான், சீனம் சென்று, 1903ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் மலாய்ப் பாடகர்களைப் பதிவு செய்தார். கும்பினியாருக்கு ஆசிய இசையில் பற்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பெட்டியை விற்க வேண்டுமானால் தட்டு வேண்டும். தட்டு விற்க வேண்டுமானால் வாங்குவோர் மொழியில் பாட்டு வேண்டும். இதுவே அவர்கள் கணக்கு. மேற்கத்திய இசையைக் கீழை நாட்டார் மேல் யாரும் வலிந்து சுமத்தவில்லை. வணிகம் அதனை இனிப்பில் தோய்த்துக் கொடுத்தது. 1930ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மலாய் இசைத்தட்டுகளில் பாட்டின் பெயரோடு பாக்ஸ்டிராட், ரும்பா, டாங்கோ, குரோஞ்சோங் என்று தாள வகையும் அச்சிடப்பட்டிருந்தது. மொழி மலாய், நடை அயல்நாட்டது.

இவற்றுள் குரோஞ்சோங்கின் வரலாறு தனிச்சிறப்புடையது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் தம்முடன் கொண்டு வந்த சிறு கித்தார் வகையை ஒட்டி, பத்தாவியாவை அடுத்த துகு என்னும் சிற்றூரில் அது வளர்ந்தது. போர்த்துக்கீசியரின் மதேய்ராத் தீவிலிருந்து 1879இல் ஹவாய்க்குக் கூலி வேலைக்குச் சென்றவர்கள் அதே இனத்துச் சிறு கித்தாரை அங்கே கொண்டு சேர்த்தனர். அது 'உக்குலேலே' ஆயிற்று. கரும்புத் தோட்டத் தொழிலாளர் கையில் பிறந்த அந்த ஹவாய் இசை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இசைத்தட்டு வழியாக மலாயாவின் ரப்பர் தோட்டங்களை எட்டியது. தோட்டத் தொழிலாளி சென்ற வழியெல்லாம் பாட்டும் சென்றிருக்கிறது.

தமிழ் இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை, எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்கள் கடல் கடந்தும் புகழ் பெற்றன. நாய் முத்திரையிட்ட தட்டுகளை நம்மவர் 'நாய் மார்க்' என்றனர். மலாய்க்காரர் 'சாப் அஞ்சிங்' என்றனர். பெட்டி வாங்கும் வசதி கங்காணிக்கும் கிராணிக்கும் இருந்ததே தவிர, பால் வெட்டுவோருக்கு இருந்ததில்லை. ரப்பர் விலை ஏறிய காலத்தில் தட்டுகள் விற்றன. 1930இல் தொடங்கிய விலை வீழ்ச்சியிலோ கூலி வெட்டப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது பாட்டுப் பெட்டியைப் பற்றி எவர் நினைத்திருப்பர்?

மூன்று நிமிடமும் ஒரு முழு இரவும்

பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் மட்டுமே பதிய முடியும். நம்முடைய காமன் கூத்தோ பல இரவுகள் நடப்பது. பொன்னர் சங்கர் கதைக்கு ஓர் இரவு போதாது. மூன்று நிமிடத்தில் தொடங்கி மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டுக்குச் செவி பழகிவிட்டால், விடிய விடிய அமர்ந்து கேட்கும் பொறுமை குறையத்தானே செய்யும்? அயல்நாட்டு மெட்டைக் காட்டிலும் இந்த மூன்று நிமிட அளவே நம் பழங்கலைகளுக்குக் கூடுதலான ஊறு செய்தது என்பது என் கருத்து.

எனினும் எல்லாப் பழியையும் இசைத்தட்டின் மேல் போடுவதும் நேர்மையன்று. தஞ்சோங் காராங் நெல்வயல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவது எளிதில் விளங்கும். தமிழகத்தில் கையால் நாற்று நட்ட காலத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று நடுவார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஏற்றம் இறைத்தவருக்கும் பாட்டு உண்டு. நெல் குத்தியவருக்கும் பாட்டு உண்டு. பலர் கை ஒரே தாளத்தில் அசையும் வேலைக்கே பாட்டு துணையாகும். பால் வெட்டும் வேலை அத்தகையதன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, அவரவர் நிரைக்குப் பிரிந்து சென்ற பின்னர், நூற்றுக்கணக்கான மரங்களுக்கிடையில் ஒருவர் தனியே நிற்கிறார். பட்டையில் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. கண்ணும் கையும் ஒன்றியிருக்க வேண்டிய அவ்வேலையில் கூட்டுப் பாட்டுக்கு இடமேது? புல் வெட்டும் கூட்டத்திலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் திருவிழாக் கும்மியிலுமே பாட்டு எஞ்சி நின்றது. வயற்காட்டுப் பாட்டுகள் கப்பலேறி வந்தும், பாடுவதற்கு வயல் இல்லாமையால் மெல்ல மறைந்தன. அந்த வெற்றிடத்தில்தான் கிராமபோன் வந்து அமர்ந்தது.

துரைமார் பங்களாவிலும் அவர்களுடைய கிளப்பிலும் வேறுவகை இசை ஒலித்தது. தொழிலாளர் அதனை வேலியோரத்திலிருந்து கேட்டிருக்கலாம். உள்ளே செல்ல இயலாது. அக்காலப் பிரிவினை அத்தகையது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கித்தான் நடக்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டுமென்பது, 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. மனிதன் இறங்கி நடக்க வேண்டியிருந்த அப்பாதையில் பாட்டு மட்டும் இறங்காமல் போய் வந்தது. துரைமாருள்ளும் விலக்கானவர் இருந்தனர் என்பதைக் கூறாமல் விடுவது முறையன்று. நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு வணிக முறையில் எண்ணெய்ப் பனையை முதன்முதலாக நட்ட ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், மலாயாவைப் பற்றி ஒரு புதினம் எழுதி 1930இல் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றார். மலாய்ப் பந்துன்கள் அந்நூலில் மதிப்புடன் இடம்பெற்றுள்ளன. ஆள வந்தவர்களின் செவியிலும் ஆளப்பட்டவர் பாட்டு விழுந்ததற்கு இது சான்று.

போர்க்காலப் பாடல்கள்

1942இல் ஆட்சி கைமாறியது. ஜப்பானியர் ஆங்கில, அமெரிக்க இசையைப் பகைவர் இசை என்று விலக்கினர். பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானிய நாட்டுப்பண்ணையும் அணிவகுப்புப் பாடல்களையும் பொருள் தெரியாமலேயே மனப்பாடம் செய்தனர். ஆட்சியாளர் மாறினால் பாட்டும் மாறும் என்பதை அந்த மூன்றரை ஆண்டுகளில் மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

அதே காலத்தில் மேற்கத்தியப் படை இசை நம்மவர் கையில் வேறொரு பணிக்கு வந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் இசையமைப்பாளர் கேப்டன் ராம் சிங் தாக்கூரி, ஆங்கிலேயரின் கூர்க்கா படையில் சிறுவனாகச் சேர்ந்து பேண்டு இசை கற்றவர். மலாயாப் போரில் சிறைப்பட்டு, பின்னர் நேதாஜியின் படையில் சேர்ந்தார். அவர் அமைத்த அணிவகுப்புப் பாடல்களைப் பாடிக்கொண்டு நடந்தவர்களுள் நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற இளைஞர்கள் ஏராளமானோர். 1943இல் அமைந்த ஜான்சிராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அதுவரை பால் வாளி சுமந்த அப்பெண்கள் தோளில் துப்பாக்கி ஏந்தி, இந்துஸ்தானி மொழிப் பாட்டை, ஐரோப்பிய நடைத் தாளத்தில், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகப் பாடினர். அடக்கி வைத்தவரின் இசை விடுதலை கேட்பவரின் இசையாக மாறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் இல்லை.

வானொலி வந்த பின்

1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கப் பெற்றது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பு நடந்தது. இன்று மின்னல் எஃப்.எம். என வழங்கும் தமிழ் ஒலிபரப்பு அந்த மரபில் வந்ததே. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கம் செய்தி கேட்பிக்க விரும்பியது. மக்கள் பாட்டுக்காகக் காத்திருந்தனர்! இரண்டும் நடந்தன. ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி ஒரு தோட்டம் முழுவதும் ஒரே பாட்டைக் கேட்டது அதுவே முதன்முறை.

அக்காலத் தமிழ்த் திரைப்படப் பாடல்களிலும் ரும்பாவும் வால்ட்சும் கலந்துவிட்டன. மலாய்ப் படங்களிலும் அவ்வாறே. பி. ரம்லி முதன்முதலாகக் கதைத் தலைவராக நடித்த 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். இலத்தீன் அமெரிக்கத் தாளத்தில் மலாய்ப் பாட்டு, அதனை மகிழ்ந்து கேட்கும் தமிழ்த் தொழிலாளி என்று வந்த பிறகு, 'அயல்' என்னும் சொல்லுக்கே பொருள் மங்கத் தொடங்கியது.

தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த மூதாட்டியர் இன்று நம்மிடையே சிலரே இருக்கின்றனர். தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்த பின்னர், அப்பாடல்களைக் கேட்கும் பிள்ளைகளும் அவர்கள் அருகில் இல்லை. பாட்டி பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து வைக்க எந்தக் கும்பினியும் வர வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகளே செய்யலாம். உறுமி மேளத்தின் நிலை அவ்வாறன்று. அதனை இளைஞர்கள் விடாமல் எடுத்து வாசிக்கின்றனர். பக்கத்திலேயே மின்விசைப்பலகையையும் வைத்துக்கொள்ளும் குழுக்களைக் குறை கூறும் பெரியவர்கள், பசனைக் கூடத்து ஆர்மோனியத்தின் பிறப்பை மறந்துவிடுகின்றனர்.

ஒரு மெட்டின் பயணம்

இறுதியாக, நாம் அனைவரும் அறிந்த மெட்டு ஒன்றின் வரலாற்றைக் கூற வேண்டும். 1875ஆம் ஆண்டு பாசிர் சாலாக்கில் பேராக் ரெசிடெண்டு பிர்ச் கொல்லப்பட்டார். அதில் தொடர்புடையவர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற சுல்தான் அப்துல்லா, 1877இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள சேஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். பிரெஞ்சு மொழி வழங்கிய அத்தீவுகளுள் ஒன்றான மாஹேயில் 'லா ரோசாலி' என்னும் பாட்டு மக்களிடையே பரவியிருந்தது. பேராக் அரச குடும்பத்தார் அங்கே கேட்டுப் பழகிய அம்மெட்டே பின்னர்ப் பேராக் மாநிலப் பண்ணாயிற்று என்பது வழிவழியாகக் கூறப்படும் வரலாறு. நாடு கடத்தியவரும் எண்ணிப் பாராத வகையில், நாடு கடத்தப்பட்ட இடத்திலிருந்து ஒரு மெட்டு தாயகம் திரும்பியது.

பங்சாவான் குழுக்கள் அதனை விட்டுவைக்குமா? 'தெராங் பூலான்' என்னும் நிலாப் பாட்டாக அது மேடையேறியது. 1937இல் கிழக்கிந்தியத் தீவுகளில் எடுக்கப்பெற்ற அதே பெயருடைய திரைப்படம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெருவெற்றி பெற்றது. 1947இல் இலண்டனில் பெலிக்ஸ் மெண்டல்சன் என்பவரின் ஹவாய் இசைக்குழு அம்மெட்டை 'மாமுலா மூன்' என்று தட்டில் பதிந்தது. மாநிலப் பண்ணாக ஒருபுறம் மரியாதையும், கேளிக்கைப் பாட்டாக மறுபுறம் ஆட்டமுமாக அது இரட்டை வாழ்வு வாழ்ந்தது.

விடுதலை நெருங்கிய வேளையில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் அமைந்த குழு, தேசியப் பண்ணுக்காக உலகளாவிய போட்டி ஒன்றை நடத்தியது. 514 பாடல்கள் வந்தன, ஒன்றும் ஏற்புடையதாகவில்லை. பெயர் பெற்ற இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கியவையும் மனத்திற்கு இசையவில்லை. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், பேராக் மாநிலப் பண்ணின் மெட்டையே குழு தெரிந்தெடுத்தது. புதிய சொற்கள் அமைக்கப்பட்டன. அம்மாதம் 31ஆம் நாள் விடுதலை பெற்ற நாட்டின் பண்ணாக 'நெகாராகூ' ஒலித்தது. அன்று முதல் அம்மெட்டைக் கேளிக்கைக் கூடங்களில் இசைப்பது நின்றது. 1968ஆம் ஆண்டுத் தேசியப் பண் சட்டம், அப்பண் ஒலிக்கும்போது எழுந்து நேராக நிற்க வேண்டுமென விதித்தது.